பறவைப் படத்தில் என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"படம் என்னவோ எடுபடவில்லை" என்ற எண்ணத்தோடு எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால், கை தானாகவே ஸ்லைடர்களை இழுக்க ஆரம்பித்துவிடும். அந்த 'என்னவோ' எது என்று தெரியாமல் இழுத்தால் படம் வேறு மாதிரி ஆகுமே தவிர, சரியாகாது. பறவைப் படங்களில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை எடுக்கும்போதே உண்டானவை. மீதி, எடிட்டிங்கில் நாமே சேர்த்தவை. எது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிட்டால் போதும். எதைத் திருத்தலாம், எதை அடுத்த முறை களத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பாருங்கள். முதலில் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கி. அமைப்பில் உள்ள குறைகள் அந்த அளவில்தான் பளிச்சென்று தெரியும்: பறவை எங்கே நிற்கிறது, பின்னால் எது கண்ணை இழுக்கிறது, எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்பதெல்லாம். அடுத்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி. இங்கே கூர்மை, நாய்ஸ் (மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள்), இறகின் இழை. சிறிதாகப் பார்க்கும்போதே எடுபடாத படத்தை 100 சதவீதத்தில் உட்கார்ந்து ஷார்ப்பன் செய்துகொண்டிருப்பது வீண் வேலை.

இன்னொன்று: ரா ஃபைலில் (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) வேலை செய்யுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. கீழே ஹைலைட் (வெளிச்சமான பகுதிகள்), ஷேடோ (இருண்ட பகுதிகள்) என்று வரும் வேலைகள் எல்லாம் அந்தக் கூடுதல் படிகளை நம்பித்தான்.

பறவை கூர்மையாக இல்லை

ஷார்ப்பனிங் ஸ்லைடரை இப்போது தொடாதீர்கள். 100 சதவீதத்தில் வைத்துக்கொண்டு படம் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். மங்கலுக்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும்.

பறவை மங்கல், ஆனால் அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஒரு குச்சி, ஒரு இலை, ஒரு புல் நுனி கத்தி போல இருக்கிறதா? ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. இதை எந்த மென்பொருளும் முழுதாகத் திருத்தாது. அடுத்த முறை ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். கேமராவில் பறவையின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால், அடர்ந்த கிளைகளுக்குள் அதை முழுக்க நம்பாமல் ஃபோகஸ் பரப்பைச் சுருக்கிக் கொடுங்கள்.

எதுவுமே கூர்மையாக இல்லை, இலைகளின் ஓரம், கண்ணின் ஒளிப்பொட்டு எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றனவா? கேமரா ஆடியிருக்கிறது. லென்ஸின் குவியத்தூரத்தைக் கவனித்து ஷட்டர் வேகத்தை ஏற்றுங்கள், 500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் 1/500 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது பழைய விதி. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் கீழே போகலாம். ஆனால் அது கையின் ஆட்டத்தைத்தான் தாங்கும், பறவையின் அசைவைத் தாங்காது.

கிளை கூர்மை, கால் கூர்மை, தலையோ சிறகோ மட்டும் மங்கலா? பறவை அசைந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் சிட்டு கூடத் தலையைச் சும்மா வைத்திருக்காது. 1/1000 வரை தேவைப்படும். பறக்கும் கொக்குக்கு 1/1600 போதும் என்றால், தகைவிலானுக்கு 1/3200 கொடுத்தாலும் சில படங்கள் தவறும். சிறகு கூர்மையாகவே இருந்து, ஆனால் விபரீதமாக வளைந்து தெரிந்தால் அது எலக்ட்ரானிக் ஷட்டரின் வேலை: சென்சார் வரிவரியாகப் படிக்கப்படும் நேரத்துக்குள் சிறகு நகர்ந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் தீர்ந்துவிடும்.

கடைசியாக, அதிகம் பேர் சந்தேகப்படாத ஒன்று: கானல். தொடர்ச்சியாக எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள். பறவை அசையாமல் நிற்க, அதன் வெளிக்கோடு ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் நெளிந்திருந்தால், சூடான தரைக்கு மேல் காற்று அலைகிறது. லென்ஸை விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்கள் பலருக்கும் உண்மையான எதிரி இதுதான். லென்ஸ் நல்லதாக இருந்தாலும், ஷட்டர் வேகம் எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள், அல்லது பறவைக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தூரம் குறையும்வரை காத்திருங்கள்.

கண் கூர்மை, வால் மட்டும் மங்கல் என்றால் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முழு ஃப்ரேம் கேமராவில் 500 மி.மீ. லென்ஸ், எஃப்/5.6 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும், கூர்மையாக விழும் ஆழம் கூடும்), பறவை 10 மீட்டரில் என்று வைத்துக்கொண்டால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 13 செ.மீ. அதே பறவை 5 மீட்டருக்கு வந்தால் அது 3 செ.மீ. சொச்சமாகச் சுருங்கிவிடும். தூரம் பாதியானால் ஆழம் கால் பங்காகிறது. முழு உடலும் கூர்மையாக வேண்டுமென்றால் பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள். எஃப்/8-க்கு மாற்றுவது அதற்கு அடுத்த யோசனை.

பறவை கூர்மை, ஆனாலும் படத்தில் எடுபடவில்லை

இது பின்புலக் கோளாறு. என்னைக் கேட்டால், பறவைப் படத்தின் பாதி தரம் பறவைக்குப் பின்னால்தான் இருக்கிறது. சிறிதாக்கிய படத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். முதலில் தெரிவது பறவையா, வெயில் பட்ட ஒரு இலையா, தலைக்குப் பின்னால் கொம்பு முளைத்தது போல நிற்கும் ஒரு கிளையா?

எடிட்டிங்கில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பறவைக்கு மாஸ்க் போட்டு (திருத்தம் அந்தப் பகுதியில் மட்டும் விழும்படி தேர்ந்தெடுத்து), அதைத் தலைகீழாக்கிப் பின்புலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) குறையுங்கள், ஹைலைட்டை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், நிறச்செறிவைச் சற்றுத் தணியுங்கள். நுண்விவரத்தை எடுத்துக்காட்டும் டெக்ஸ்சர், கிளாரிட்டி ஸ்லைடர்கள் இரண்டையும் மைனஸ் பக்கம் லேசாக இழுத்தால் பின்புலம் மெத்தென்று ஆகும். இதற்கு மேல் போய் பின்புலத்தைச் செயற்கையாக மங்கலாக்கினால் மாட்டிக்கொள்வீர்கள்: பறவையின் காலடியில் உள்ள கிளை எந்த இடத்தில் கூர்மையிலிருந்து மங்கலுக்குப் போக வேண்டும் என்பது மென்பொருளுக்குச் சரியாகத் தெரியாது. பார்ப்பவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

உண்மையான மருந்து களத்தில் இருக்கிறது, அதுவும் காலில். பறவை உங்களிடமிருந்து 10 மீட்டரில், பின்னால் உள்ள புதர் பறவையிலிருந்து இன்னும் 30 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 1 மீட்டர் இடப்பக்கம் நகர்ந்தால், பறவைக்குப் பின்னால் தெரியும் இடம் 3 மீட்டர் வலப்பக்கம் நகர்ந்துவிடும். உறுத்தலான வெள்ளைப் பொட்டு, குறுக்குக் கிளை, கம்பம் எல்லாம் ஓரிரு அடியில் ஃப்ரேமை விட்டே போய்விடும். உயரத்துக்கும் இதே கணக்குதான். நின்றபடி எடுக்கும்போது தரையில் மேயும் ஆள்காட்டிக் குருவிக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் உள்ள புல்லும் கல்லும்தான் பின்புலம். மண்டியிட்டால் அது பல மீட்டர் பின்னால் போகும். மார்பு தரையில் படுமளவுக்குப் படுத்தால் தூரத்து மரங்களின் பச்சை ஒரு திரை போல விழும். பறவையின் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்தில் வந்துவிடுவதால் படத்தின் உணர்வே மாறிவிடும். ஷட்டரை அழுத்துவதற்கு முன் பறவையை ஒரு நொடி மறந்துவிட்டு, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

நடுவில் ஒட்டவைத்தது போல இருக்கிறது, அல்லது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது

ஃபோகஸ் புள்ளி நடுவில் இருப்பதால் பறவையும் நடுவில் வந்து விழுகிறது. க்ராப் செய்யும்போது (ஓரங்களை வெட்டும்போது) ஒரே கேள்வி: பறவை எந்தப் பக்கம் பார்க்கிறது? அந்தப் பக்கம் அதிக இடம் விடுங்கள். பறக்கும் பறவைக்கு முன்னால் உள்ள இடம் பின்னால் உள்ளதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் மோதப் போவது போலத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு விதி (பறவையை நடுவில் வைக்காமல், ஃப்ரேமின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைப்பது) தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான். நேராகக் கேமராவைப் பார்க்கும் ஆந்தை நடுவில் இருந்தால்தான் அழகு. தண்ணீரில் தலைகீழ் பிம்பத்தோடு நிற்கும் நாரைக்கும் அப்படியே.

அப்புறம், நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பாருங்கள். பாதி இலை, ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்க்கும் குச்சி நுனி, மூலையில் ஒரு வெளிச்சத் திட்டு ஆகியவற்றைக் கொஞ்சம் இறுக்கமான க்ராப் எடுத்துவிடும்.

சிறகு நுனியோ, வாலோ, விரல்களோ வெட்டுப்பட்டிருந்தால் இரண்டு வழிகள். நுனி மட்டும் மயிரிழையில் போயிருந்தால் அது தவறு என்று பார்த்தவுடன் தெரியும். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் துணிந்து உள்ளே போய்த் தலையும் மார்பும் மட்டும் வரும்படி வெட்டுங்கள். வெட்டு வேண்டுமென்றே செய்ததாகத் தெரிந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். எடுக்கும்போதே தவிர்க்க, சிறகு விரிக்கப் போகும் பறவைக்கு ஜூமைக் கொஞ்சம் பின்வாங்கி வையுங்கள்.

க்ராப் செய்தால் படம் உடைகிறது

24 மெகாபிக்சல் படம் என்றால் 6000 × 4000. அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 3000 × 2000, அதாவது 6 மெகாபிக்சல். திரையில் பார்க்க இது தாராளம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 10 அங்குல அகலத்துக்கு அச்சடிக்கவும் போதும். கால் பங்காக வெட்டினால் 1500 × 1000. அச்சுக்கு 5 அங்குலம். அதோடு நாய்ஸும், சின்ன ஃபோகஸ் பிழையும் நாலு மடங்கு பெரிதாகிக் கண் முன்னால் வந்து நிற்கும்.

பறவை அந்த அளவுக்குச் சிறியதாக விழுந்திருந்தால், அதைப் பெரிதாக்க முயலாமல் எதிர்ப்பக்கம் யோசித்துப் பாருங்கள். முழு ஃப்ரேமையும் வைத்துக்கொண்டு, அந்த மரம், அந்தச் சதுப்பு, அந்த மூடுபனி எல்லாவற்றோடும் சேர்த்து அதை வாழிடப் படமாக ஆக்க முடியுமா? பல நேரம் முடியும். இறுக்கமான முகப் படங்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் இப்படியொன்று தனித்து நிற்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பறவை சிறியதாக விழுகிறது என்பதற்காக அதன் மேல் ஏறிப்போகாதீர்கள். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தால் அதுவே எல்லை. கூட்டைச் சுற்றி இலைகளை விலக்குவதும், ஒலிப்பதிவைப் போட்டு அழைப்பதும் எந்தப் படத்துக்கும் ஈடாகாது. விலக்கிய இலைகள் வழியாக வெயிலும் வேட்டைப் பறவைகளும் கூட்டுக்குள் போய்ச் சேரும்.

கண்ணில் உயிர் இல்லை

முதலில் கண் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பறவைகளுக்கு மூன்றாவதாக ஓர் இமைச்சவ்வு உண்டு. அது குறுக்கே போகும் கணத்தில் கண் பால் படர்ந்தது போல வெளுத்துத் தெரியும். தொடர்ச்சியாக எடுத்ததில் அடுத்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ந்தது.

தலை உங்களை விட்டு அப்பால் திரும்பியிருந்தால் எந்தத் திருத்தமும் பலிக்காது. கொஞ்சம்தான் வித்தியாசம், ஆனால் அலகு நம் பக்கம் ஒரு சில டிகிரி திரும்பியிருக்கும் படத்துக்கும், அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் படத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தேர்ந்தெடுக்கும்போது கூர்மைக்கு முன்னால் தலையின் கோணத்தைப் பாருங்கள்.

தலை சரியாக இருந்து, கண் கறுத்த குழியாக மட்டும் தெரிந்தால், கண்ணின் மேல் சின்ன மாஸ்க் போட்டு வெளிச்சத்தை 0.3 ஸ்டாப் ஏற்றுங்கள். மறைந்து கிடக்கும் ஒளிப்பொட்டு பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இல்லாத ஒளிப்பொட்டை வெள்ளைத் தூரிகையால் வைக்காதீர்கள். வானம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை உடலில் விழுந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

கொக்கு வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. காக்கை கறுப்புத் திட்டாக

கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் முயலும். கறுத்த தண்ணீருக்கு நடுவே ஒரு சிறிய வெண்கொக்கு நின்றால், மீட்டர் தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; கொக்கு இழையே தெரியாமல் வெளுத்துப்போகும். கேமராவில் வெளிச்சத்தை ஈடுசெய்யும் அளவை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −1 முதல் −1.5 வரை இறக்குங்கள். வெளுத்த வானத்துக்கு எதிரே கரிச்சான் என்றால் நேர்மாறு: +1 முதல் +2. ஆனால் அதே கொக்கு ஃப்ரேமை நிறைத்து நின்றால் மீட்டர் அதையே சாம்பலாக்கப் பார்க்கும். அப்போது கொஞ்சம் ஏற்ற வேண்டும். "வெள்ளைப் பறவைக்கு இறக்கு" என்று மனப்பாடம் செய்து வைத்தால் இங்கே கவிழ்ந்துவிடும். பறவையையும் அதன் பின்புலத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

எடிட்டிங்கில்: அளவுக்கு மீறி வெளுத்த இடங்களைக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுக்கொண்டு, முதலில் மொத்த வெளிச்சத்தைக் குறையுங்கள், அப்புறம் ஹைலைட்டை. இறகின் இழைகள் திரும்பி வந்தால் தகவல் இருந்திருக்கிறது. இழை வராமல் வெள்ளைத் திட்டு சாம்பல் பூச்சாக மாறினால், அங்கே ஒன்றும் பதிவாகவில்லை. திரும்ப வெள்ளையாகவே விட்டுவிடுவது மேல்.

கறுப்புப் பறவைக்கு ஷேடோவை ஏற்றுங்கள், ஆனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். காக்கை புகை நிறமாகிவிட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம்; பிளாக்ஸ் ஸ்லைடரைக் கீழே இழுத்து நிலைநிறுத்துங்கள். கழுத்தின் ஊதாப் பளபளப்பு தெரிந்தால் போதும்.

நிறம் நம்பும்படி இல்லை

மாங்குயிலின் மஞ்சள் வழித்துவிட்டது போலத் தட்டையாக இருக்கிறதா? பொதுவான ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) சரியாகவே காட்டியிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்பு மட்டும் வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். சிவப்பு, ஆரஞ்சு, அடர்மஞ்சள் பறவைகளில் இது அடிக்கடி நடக்கும். எடுக்கும்போது அரை ஸ்டாப் குறையுங்கள். எடிட்டிங்கில் அந்த நிறத்தின் செறிவை மட்டும் தனியாக இறக்கினால் இழைகள் ஓரளவு மீளும்.

மீன்கொத்தியின் நீலத்தில் வேறு சிக்கல். அந்த நீலத்துக்கு நிறமி கிடையாது. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வருகிறது. அதில் மெல்லிய ஏற்ற இறக்கங்கள் நிறைய. மொத்தச் செறிவைத் தூக்கினால் அவையெல்லாம் ஒரே பெயின்டாகிவிடும். செறிவுக்குப் பதிலாக அந்த நீலத்தின் ஒளிர்வை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

இலைகளுக்குள் எடுத்த பறவையின் வயிற்றில் பச்சை ஏறியிருந்தால், டின்ட் ஸ்லைடரைச் சற்று மெஜந்தா பக்கம் தள்ளுங்கள், அதுவும் பறவையின் மாஸ்க்குக்குள் மட்டும். மாலை வெயிலில் நிற்கும் கொக்கைப் பளீர் வெள்ளையாக்க வேண்டாம். அந்த இளமஞ்சள்தான் அந்த நேரத்தின் நிறம்.

சொரசொரவென்று நாய்ஸ், அல்லது அதற்கு நேர்மாறாக பிளாஸ்டிக் பொம்மை

ஐஎஸ்ஓவுக்கு (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) பயந்து இருட்டாக எடுப்பதே நாய்ஸுக்குப் பெரிய காரணம். ஐஎஸ்ஓ 800-இல் இருட்டாக எடுத்து எடிட்டிங்கில் இரண்டு ஸ்டாப் தூக்கினால், ஐஎஸ்ஓ 3200-இல் சரியாக எடுத்ததைவிட நாய்ஸ் குறையப் போவதில்லை; பல கேமராக்களில் கூடவே செய்யும். தேவையான ஐஎஸ்ஓவைக் கொடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் தோற்றம் நாய்ஸ் நீக்கத்தை அளவுக்கு மீறிக் கொடுத்ததால் வருவது. ஏஐ நாய்ஸ் நீக்கிகள் அற்புதமாக வேலை செய்கின்றன, ஆனால் தெளிவில்லாத இடத்தில் இறகு என்று தாங்களாக ஒரு கோலத்தை வரைந்துவிடும். கன்னத்தையும் கண்ணின் ஓரத்தையும் 100 சதவீதத்தில் பாருங்கள். மூலப் படத்தில் இல்லாத கோடுகள் தெரிந்தால் அளவைப் பாதியாக்குங்கள். பின்புலத்துக்கு முழு அளவும், பறவைக்குக் குறைவாகவும் கொடுப்பது நல்லது. லேசான நாய்ஸ் எந்தப் படத்தையும் கெடுத்துவிடாது.

பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு

ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்: ஷார்ப்பனிங், கிளாரிட்டி, டீஹேஸ், வானத்து மாஸ்க். எதை அணைக்கும்போது கோடு மறைகிறதோ அதுதான் காரணம். ஷார்ப்பனிங் என்றால் ரேடியஸை (கூர்மையாக்கும் ஓரத்தின் அகலம்) 0.6 முதல் 1.0 வரை வையுங்கள். லைட்ரூம் மென்பொருளில் ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்க்கிங் ஸ்லைடரை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாகும். வெள்ளையான இடங்கள் மட்டும் கூர்மையாக்கப்படும். வானமும் மங்கிய பின்புலமும் முழுக்கக் கறுப்பாகும்வரை நகர்த்துங்கள்.

தண்ணீர் ஒரு பக்கம் வழிந்தோடுவது போல இருக்கிறது

அடிவானம் தெரியாத இடத்தில் கரையின் கோட்டை வைத்து நிமிர்த்தாதீர்கள். கரை உண்மையிலேயே சாய்வாகப் போகலாம். பிம்பத்தை நம்புங்கள். பறவையின் கண்ணையும் பிம்பத்தின் கண்ணையும் இணைக்கும் கோடு செங்குத்தாக நிற்கும்படி படத்தைத் திருப்பினால் தண்ணீர் மட்டமாகிவிடும்.

குறுக்கே ஒரு குச்சி

பின்புலத்தில் தனியாகக் கிடந்தால் ஹீலிங் கருவியால் நொடியில் எடுத்துவிடலாம். பறவையின் உடலைக் கடந்து போனால் தொடாதீர்கள். அடியில் உள்ள இறகை மென்பொருள் கற்பனையாகத்தான் வரையும். படத்தைப் போட்டிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் முதல் வகையும் ஆபத்து. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படப் போட்டி உட்பட, இயற்கைப் பிரிவுப் போட்டிகள் பலவற்றில் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. சென்சார் தூசியை எடுக்கலாம். ரா ஃபைலைக் கேட்பார்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் குச்சியை எடுத்துவிட்டேன் என்று கேட்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

கணினியில் நன்றாக இருந்தது, போனில் மங்கலாகவும் இருட்டாகவும் தெரிகிறது

நிறம் வெளிறியிருந்தால் ஏற்றுமதி செய்யும்போது அடோபி ஆர்ஜிபி போன்ற அகன்ற நிறவெளியைத் தேர்ந்திருப்பீர்கள். பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றி மறுபடி எடுங்கள். இருட்டாக இருந்தால் உங்கள் திரையின் வெளிச்சம் அதிகம். திரை பளீரென்று இருக்கும்போது படத்தை நாம் அறியாமலே இருட்டாக்கிவிடுவோம். திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையின் வெள்ளை அதைவிடக் கண் கூசும்படி இருக்கக் கூடாது. கூர்மை குறைந்திருந்தால், அனுப்பும் வழியில் படம் சுருக்கப்பட்டிருக்கும். நீளப் பக்கத்தை 2048 பிக்சலுக்கு நீங்களே சுருக்கி, திரைக்கான ஷார்ப்பனிங்கைக் கடைசியாகச் சேர்த்து, போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.